எது எடுத்தாலும் 5 சென்ட்: சில்லறைக் காசில் வானுயரக் கட்டடம் கட்டிய கடைக்காரர்!

திருவிழாக் கடைத்தெருவில் நடக்கும்போது ஒரு குரல் உங்களைப் பிடித்து இழுத்திருக்கும். எது எடுத்தாலும் பத்து ரூபாய்! உங்களுக்குத் தேவை என்று ஒன்றும் இருக்காது. ஆனாலும் நின்றுவிடுவீங்க. டீ வடிகட்டி, சீப்பு, ஹேர் கிளிப், சோப்பு டப்பா என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பீங்க. விலை கேட்க வேண்டாம், பேரம் பேச வேண்டாம். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கையில் ஐந்து பொருள், பர்ஸில் ஐம்பது ரூபாய் குறைந்திருக்கும்.

இதே ஒரு யோசனையை வைத்துக்கொண்டு, நூற்றுநாற்பது வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் ஒருவர் கடை போட்டார். பெயர் ஃபிராங்க் வின்ஃபீல்ட் வுல்வொர்த். அந்த ஒரு கடை ஆயிரம் கடையானது. அந்தச் சில்லறைக் காசில் அவர் நியூயார்க்கில் கட்டிய கட்டடம், 17 வருஷம் உலகத்திலேயே உயரமான கட்டடமாக நின்றது.

இன்றைக்கு அமெரிக்காவில் நீங்க போய்த் தேடினாலும் அவர் பெயரில் ஒரு சில்லறைக் கடைகூட இருக்காது. ஆனா கடைகள் இருந்த கட்டடங்கள் இருக்கு. அதில் ஒன்று இப்போது மியூசியம். அங்கே மக்கள் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்ப்பது அவர் விற்ற பொம்மையையோ கண்ணாடிச் சாமானையோ இல்லை. ஒரு நீளமான மேஜையையும், அதன் முன்னால் வரிசையாக இருக்கும் நாற்காலிகளையும்தான். ஏன் என்று தெரிந்துகொள்ள, முதலில் இந்தக் கடைக்காரரின் கதைக்குப் போகணும்.

விற்கத் தெரியாத விற்பனையாளர்

1852 ஏப்ரல் 13. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ராட்மன் என்ற சின்ன ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஃபிராங்க். மாடு கறப்பது, உருளைக்கிழங்கு தோண்டுவது, பனிக்காலத்திலும் விடியற்காலையில் எழுந்து வேலை பார்ப்பது... இதுதான் வீட்டு வாழ்க்கை. ஃபிராங்குக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. தம்பி சார்லஸ் சம்னரோடு விளையாடும்போதே கடை வைத்து விற்பதுதான் விளையாட்டு.

21 வயது நிறையப் போகிற நேரத்தில், 1873-ல், பக்கத்து ஊரான வாட்டர்டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் மூன்று மாதம் சம்பளமே கிடையாது. இன்றைய இன்டர்ன்ஷிப் கதைதான், புரியுதா? அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்றரை டாலர். அதுவும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும்.

சரி, வேலையில் கெட்டிக்காரரா? அதுவும் இல்லை. வாடிக்கையாளர் முன்னால் நின்றாலே அவருக்குப் பேச்சு வராது. அந்தக் காலத்துக் கடைகள் எப்படி இருந்தன என்று யோசிச்சுப் பாருங்க. பொருள் எல்லாம் கவுண்டருக்குப் பின்னால், அலமாரியில். நீங்க கேட்கணும், கடைப்பையன் எடுத்துக் காட்டணும், அவன் ஒரு விலை சொல்லணும், நீங்க ஒரு விலை சொல்லணும். பேசத் தெரிந்தவன்தான் அங்கே பிழைப்பான். ஃபிராங்குக்கு அது வரவே இல்லை. இடையில் வேறொரு கடைக்குப் போனார். விற்பனை சரியில்லை என்று அங்கே பத்து டாலர் சம்பளத்தை எட்டாகக் குறைத்தார்கள். உடம்பும் கெட்டு, வீட்டில் படுத்துவிட்டார்.

ஆனா ஒரு வேலை மட்டும் அவருக்கு அழகாக வந்தது. கடை ஜன்னலில் பொருளை அடுக்குவது. சிவப்புத் துணியை விரித்து, சாதாரணப் பொருளையும் வழியில் போகிறவர் நின்று பார்க்கிற மாதிரி வைப்பார். வாயால் விற்கத் தெரியாதவர், கண்ணுக்கு விற்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு மேஜை

உடம்பு தேறிப் பழைய முதலாளியிடமே திரும்பி வந்தார். 1878-ல் அந்தக் கடையில் விற்காத சரக்கு தேங்கிப்போனது. வேறு ஊர்க் கடைகளில் ஒரு தந்திரம் பலிப்பதாக முதலாளி கேள்விப்பட்டிருந்தார். மலிவான சாமான்களை ஒரே மேஜையில் கொட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே விலை, ஐந்து சென்ட் என்று எழுதி வைப்பது. அந்த மேஜையை அடுக்கும் வேலை ஃபிராங்கிடம் வந்தது.

மேஜை ஒரே நாளில் காலியானது.

யாரும் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. மக்கள் தாங்களே கையில் எடுத்துப் பார்த்தார்கள், பிடித்ததை வாங்கினார்கள். பேசத் தெரியாத கடைப்பையனுக்கு அந்த நிமிஷத்தில் ஏதோ பிடிபட்டது. மூலையில் ஒரு மேஜையாக இருப்பதை முழுக் கடையாக வைத்தால் என்ன? முதலாளி சுமார் 300 டாலர் மதிப்புள்ள சரக்கைக் கடனாகக் கொடுத்தார்.

1879 பிப்ரவரியில் யூட்டிகா என்ற ஊரில் கடை திறந்தார். ஆரம்பத்தில் கூட்டம் வந்தது. அப்புறம் குறைந்தது. கடை இருந்த தெரு சரியில்லை, ஆட்கள் அந்தப் பக்கம் வருவதே குறைவு. சில மாதங்களிலேயே மூடினார். ஆனா கடனைத் தீர்த்துவிட்டார், கையிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தோற்றது யோசனை இல்லை, இடம்தான் என்று அவருக்குப் புரிந்தது.

அதே வருஷம் ஜூன் 21. பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் நகரம், நார்த் குவீன் தெரு. அடுத்த கடை திறந்தது, ஜெயித்தது. சீக்கிரமே ஐந்து சென்ட் பொருளோடு பத்து சென்ட் பொருளும் சேர்ந்தது. அமெரிக்கர்கள் இன்றும் ஏக்கத்தோடு சொல்லும் ஃபைவ் அண்ட் டென் கடைகளில் மிகப் பெயர் பெற்றது பிறந்தது இங்கேதான். தம்பியும் ஸ்க்ரான்டன் நகரத்தில் கடை போட்டார். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், பழைய முதலாளி என்று ஒவ்வொருவரும் இதே பாணியில் கடை திறந்தார்கள்.

விலை எப்படிக் குறைந்தது?

பத்து சென்ட்டுக்கு மேல் எதையும் விற்பதில்லை என்று முடிவெடுத்தால், லாபம் எங்கிருந்து வரும்? இதில்தான் வுல்வொர்த்தின் மூளை இருக்கு.

முதல் வழி, மொத்தமாக வாங்குவது. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டைகள் பார்த்திருப்பீங்க. 1880-ல் இறக்குமதி வியாபாரி ஒருவர் அதைக் காட்டியபோது, இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று தயங்கி, வெறும் 25 டாலருக்கு மட்டும் எடுத்தார். வைத்த வேகத்தில் தீர்ந்துபோனது. சில வருஷத்தில் அவரே கப்பலேறி ஜெர்மனிக்குப் போனார். அங்கே மலையோரக் கிராமங்களில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமே வீட்டில் உட்கார்ந்து ஊதி, சாயம் பூசிச் செய்துகொண்டிருந்த உருண்டைகளைத் தரகர் இல்லாமல் நேராக வாங்கினார். அமெரிக்க வீடுகளில் அந்தக் கண்ணாடி உருண்டை சர்வசாதாரணமானதில் இவர் கடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது வழி, கொஞ்சம் கசப்பானது. விலை எழுதியே இருக்கு, பொருள் கண் முன்னாலேயே இருக்கு. அப்படியானால் பேசி விற்கும் அனுபவசாலி எதற்கு? பொட்டலம் கட்டிக் காசு வாங்க ஒரு ஆள் போதும். அந்த வேலைக்கு இளம்பெண்களை எடுத்தார், மிகக் குறைந்த கூலிக்கு. மலிவான பொருள் விற்கணும்னா மலிவான ஆட்கள் வேணும் என்பதைத் தன் கடை மேலாளர்களுக்குக் கடிதத்திலேயே எழுதினார், ஒளிவுமறைவு இல்லாமல். சம்பளமே இல்லாமல் மூன்று மாதம் கடையில் நின்ற அதே பையன்தான் இவர் என்பதை நீங்க மறந்துவிடக் கூடாது.

1909 நவம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் முதல் கடை திறந்தது. அங்கே மூன்று பென்னி, ஆறு பென்னி. 1912-ல் தம்பி உட்பட, போட்டியாகவும் நட்பாகவும் இருந்த கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே கம்பெனியாகச் சேர்ந்தார்கள். மொத்தம் 596 கடைகள். எல்லாவற்றுக்கும் முகப்பில் ஒரே சிவப்பு, மேலே பொன்னிற எழுத்தில் ஒரே பெயர். எந்த ஊருக்குப் போனாலும் மெயின் ரோட்டில் அந்தச் சிவப்புப் பலகை கண்ணில் படும்.

சில்லறையில் எழுந்த கோபுரம்

பணம் வந்ததும் ஃபிராங்குக்கு உயரம் பிடித்துப்போனது. நியூயார்க்கின் பிராட்வேயில் இடம் வாங்கினார். காஸ் கில்பர்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலையைக் கொடுத்தார். ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் மாதிரி கூர்மையான கோபுரம், உள்ளே பளிங்கு, கூரையில் மொசைக். உயரம் 792 அடி. செலவு 13.5 மில்லியன் டாலர். வங்கிக் கடன் இல்லை, பணமாகவே கொடுத்துக் கட்டினார் என்பதில் அவருக்குப் பெருமை.

1913 ஏப்ரல் 24 மாலை, வாஷிங்டனில் அதிபர் உட்ரோ வில்சன் ஒரு பொத்தானை அழுத்த, நியூயார்க்கில் அந்தக் கட்டடத்தின் 80,000 பல்புகள் ஒரே நேரத்தில் எரிந்தன. 1930 வரை அதை மிஞ்ச வேறு கட்டடம் வரவில்லை.

உள்ளே நுழைந்தால் கூடத்தில் சின்னச் சின்னச் சிற்பங்கள் இருக்கும். கட்டடத்தின் மாதிரியைக் கையில் ஏந்தியபடி கில்பர்ட். குனிந்து, ஒவ்வொன்றாகக் காசு எண்ணியபடி வுல்வொர்த். கிண்டல்தான். ஆனா அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார் கடைக்காரர். தன் சொந்த அலுவலகத்தை மட்டும் நெப்போலியன் மாளிகை அறை மாதிரி அலங்கரித்துக்கொண்டார். உருளைக்கிழங்கு தோண்டிய பையனுக்கு இப்போது பேரரசர்தான் உதாரண புருஷர்.

ஒரு பல் வலி

நாட்டிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர். ஆனா பல் வைத்தியர் என்றால் பயம். பல் கெட்டு வலி வந்தபோதும் தள்ளித் தள்ளிப்போட்டார். கிருமி உடம்புக்குள் பரவியது. 1919 ஏப்ரல் 8 அன்று, 67-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்னால் இறந்தார்.

புதிய உயிலில் கையெழுத்துப் போடவே இல்லை. அதனால் 1889-ல் எழுதிய பழைய உயில்தான் செல்லுபடியானது. சொத்து முழுக்க மனைவி ஜென்னிக்கு. ஆனா ஜென்னிக்கு அதற்குள் நினைவு தப்பியிருந்தது. தன் பெயரில் என்ன வந்திருக்கு என்று அறியும் நிலையில் அவர் இல்லை. அப்போது உலகத்தில் வுல்வொர்த் பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் திறந்திருந்தன.

வழக்கமாக ஒரு பெரிய மனிதரின் கதை இங்கே முடிந்துவிடும். ஆனா கடைக்காரர் போனாலும் மறுநாள் காலையில் கடையைத் திறந்துதானே ஆகணும்? வுல்வொர்த் கதையின் முக்கியமான பாதி இனிமேல்தான் வருது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

1937 பிப்ரவரி, டெட்ராய்ட் நகரம். ஊரின் நடுவில் இருந்த வுல்வொர்த் கடையில் நூற்றுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் திடீரென்று வேலையை நிறுத்தினார்கள். வீட்டுக்கும் போகவில்லை. கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், பாட்டு, ஆட்டம். வெளியே கண்ணாடி ஜன்னல் வழியாக ஊரே வேடிக்கை பார்த்தது. ஒரு காலத்தில் ஃபிராங்க் பொருளை அடுக்கி ஊரை நிற்கவைத்தாரே, அதே மாதிரி ஜன்னல்.

ஏழு நாள். கம்பெனி இறங்கி வந்தது. அந்தப் பெண்களுக்கு மணிக்கு எவ்வளவு கூலி உயர்ந்தது தெரியுமா? ஐந்து சென்ட்.

காபி கேட்ட நான்கு பேர்

கடைகளுக்குள் சாப்பாட்டுக் கவுண்டர்கள் வந்திருந்தன. நீளமான மேஜை, அதன் முன்னால் சுழலும் நாற்காலிகள். சாமான் வாங்க வந்தவர்கள் அப்படியே ஒரு சாண்ட்விச், ஒரு காபி சாப்பிட்டுப் போகலாம். ஆனா தென் மாநிலங்களில் ஒரு விதி இருந்தது. கறுப்பின மக்கள் கடைக்குள் வரலாம், எல்லோரையும் போல அதே விலைக்குப் பொருள் வாங்கலாம். சாப்பாட்டுக் கவுண்டரில் மட்டும் உட்காரக் கூடாது.

1960 பிப்ரவரி 1. வடக்கு கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்போரோ நகரம். ஜோசஃப் மெக்நீல், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், எசெல் பிளேர் ஜூனியர், டேவிட் ரிச்மண்ட். நான்கு பேரும் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள், முதலாம் ஆண்டு. அன்று மாலை வுல்வொர்த் கடைக்குப் போனார்கள். முதலில் டூத்பேஸ்ட் மாதிரி சில சாமான்களை வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பிறகு சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள்.

அந்த ரசீது எதற்கு என்று புரியுதா? பக்கத்துக் கவுண்டரில் எங்கள் காசை வாங்கிக்கொண்டீர்கள், இந்தக் கவுண்டரில் மட்டும் எங்கள் காசு ஆகாதா என்று கேட்பதற்கு.

காபி வரவில்லை. அவர்கள் எழுந்திருக்கவும் இல்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள். பாடப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து, கவுண்டரிலேயே வைத்துப் படித்தார்கள். திட்டியவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு. யாரும் திருப்பி அடிக்கவில்லை. போராட்டம் ஒவ்வொரு ஊராகப் பரவியது. வேறு ஊர்களின் வுல்வொர்த் கடைகள் முன்னாலும் பதாகைகளோடு மக்கள் நின்றார்கள்.

ஜூலை 25 அன்று கம்பெனி விட்டுக்கொடுத்தது. அந்தக் கவுண்டரில் முதன்முதலாக உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர்கள் யார் தெரியுமா? அந்தக் கடையிலேயே வேலை பார்த்த ஊழியர்கள். அத்தனை நாள் அதே கடையில் உழைத்தவர்கள், அன்றுதான் முதல்முறையாக வாடிக்கையாளராக உட்கார்ந்தார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த பொருளை எடுத்து எல்லோர் கைக்கும் எட்டவைத்தவர் ஃபிராங்க் வுல்வொர்த். எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, யார் வந்தாலும் சரி, ஒரே விலை. ஆனா அந்த எல்லோரில் யார் யார் உண்டு என்பதை அவர் கடை முடிக்காமல் வைத்திருந்தது. முடித்துவைத்தது, காபிக்குக் காசோடு வந்து உட்கார்ந்த நான்கு இளைஞர்கள்.

இன்றைக்கு அந்தக் கட்டடங்களில்

நகரங்களுக்கு வெளியே பெரிய பெரிய பார்க்கிங்கோடு புதிய கடைகள் வந்தன. மெயின் ரோட்டுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. யூட்டிகாவில் ஃபிராங்க் படித்த அதே பாடம், இந்த முறை ஒரு நாடு முழுக்க. 1997-ல் அமெரிக்காவில் மிச்சமிருந்த 400-க்கும் மேற்பட்ட வுல்வொர்த் கடைகளை மூடுவதாக அறிவித்தார்கள். இங்கிலாந்தில் தனிக் கம்பெனியாகிவிட்ட வுல்வொர்த்தின் கடைகள் 2009 ஜனவரியில் மொத்தமாக மூடின. 800-க்கும் மேற்பட்ட கடைகள், ஒரே குளிர்காலத்தில்.

கம்பெனி செத்துவிட்டதா? இல்லை, வேறு வேஷம் போட்டுக்கொண்டது. வுல்வொர்த் ஒரு காலத்தில் வாங்கிய காலணி நிறுவனத்திலிருந்து கிளைத்த ஷூ கடைகள் நன்றாக ஓடின. 2001-ல் தாய்க் கம்பெனியே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ஸ்னீக்கர் பிரியர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்: ஃபுட் லாக்கர். ஆஸ்திரேலியாவில் இருக்கிற வுல்வொர்த்ஸ் சூப்பர்மார்க்கெட்டுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், கிடையாது. அங்கே அந்தப் பெயரை யாரும் பதிவு செய்யவில்லை, அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

நியூயார்க் கோபுரம் 1998-ல் கைமாறியது. மேல்மாடிகள் இப்போது கோடீஸ்வரர்களின் அடுக்குமாடி வீடுகள். கீழே கூடத்தில், குனிந்தபடி காசு எண்ணும் கடைக்காரர் மட்டும் அப்படியே இருக்கிறார்.

கிரீன்ஸ்போரோ கடை 1993-ல் மூடியது. இடித்துவிட்டு வாகன நிறுத்தம் கட்டலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. பணம் திரட்டி, வருஷக்கணக்கில் பாடுபட்டு, அந்த மாணவர்கள் உட்கார்ந்து சரியாக ஐம்பது வருஷம் ஆன நாளில், 2010 பிப்ரவரி 1-ல், அதைச் சர்வதேச சிவில் உரிமைகள் மையமும் மியூசியமுமாகத் திறந்தார்கள். ஆரம்பத்தில் சொன்ன மேஜையும் நாற்காலிகளும் அங்கேதான் இருக்கு. அதில் ஒரு பகுதி வாஷிங்டனில் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கு.

ஆயிரம் கடை திறந்த முதலாளி தனக்காக எழுப்பிய கோபுரத்தை ஊர் அண்ணாந்து பார்க்குது, போட்டோ எடுக்குது, நகர்ந்துவிடுது. ஒரு சாதாரண மெயின் ரோட்டுக் கடையின் சாப்பாட்டு மேஜை முன்னால்தான் மக்கள் பேச்சில்லாமல் நிற்கிறாங்க.

அடுத்த தடவை உங்க ஊர் பஜாருக்குப் போகும்போது, கடைகளின் ஃப்ளெக்ஸ் போர்டுக்கு மேலே கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் ஒரு பழைய பெயர், ஒரு வருஷம் தெரியலாம். மொபைல் கடைக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, யார் உள்ளே வந்தாங்க, யாரை வாசலிலேயே நிற்கவைத்தாங்க என்று பக்கத்துக் கடைப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்க. முதலாளி பெயர் போர்டில் இருந்திருக்கும். மற்றவங்க கதையை நீங்க கேட்டால்தான் உண்டு.